எம்ஜிபி-க்கு எந்த ஸ்பார்க் ப்ளக்: சாம்பியனா, என்ஜிகே-வா, பழைய ஸ்டாக்கா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எம்ஜிபி என்கிற பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார், அதுவும் பாயிண்ட் (பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கிற பழைய இயந்திர சுவிட்ச்) வைத்து ஓடுகிறது என்றால் சாம்பியன் என்9ஒய்சி வாங்குங்கள். அது கிடைக்கவில்லையா, என்ஜிகே பிபி6இஎஸ் வாங்குங்கள். எதை வாங்கினாலும் பொறி தாவுகிற இடைவெளியை 0.025 அங்குலத்துக்கு நீங்களே செட் பண்ணிப் போடுங்கள். பல வருஷம் விற்காமல் கிடந்து அட்டைப்பெட்டி மஞ்சளாகிப்போன பழைய ஸ்டாக் என்9ஒய்-க்குப் பல மடங்கு காசு கொடுக்காதீர்கள். கொடுத்தே தீருவேன் என்பவர்கள் அதைக் கண்காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ரோட்டில் ஓட்ட வேண்டாம்.

என் வண்டி 1969-ம் வருட ரோட்ஸ்டர். 1798 சிசி பி-சீரிஸ் என்ஜின், இரண்டு எஸ்யு எச்எஸ்4 கார்புரேட்டர், லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர், எல்லாமே ஆபிங்டன் தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்தபடிதான் இருக்கிறது. மூன்று ப்ளக்கையும் இதே வண்டியில் போட்டு ஓட்டிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். பின்னாளில் அமெரிக்காவுக்குப் போன ரப்பர் பம்பர் வண்டி உங்களிடம் இருந்தால், அதாவது 1975-க்குப் பிறகு எலக்ட்ரானிக் இக்னிஷனோடு வந்தது, அதற்கு இடைவெளி 0.035 அங்குலம். அங்கே கணக்கு வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

"அந்தக் காலத்து ப்ளக்தான் வேண்டும்" என்று தேடுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் பீங்கானில் இருக்கும் எழுத்தைத்தான் தேடுகிறார்கள். எனக்கும் அந்த ஆசை புரியாமல் இல்லை, பானெட்டைத் திறந்தால் எல்லாம் 1969 மாதிரியே இருக்க வேண்டும் என்று நினைப்பதில் தப்பே கிடையாது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்த என்ஜினில் ப்ளக் நாலும் வலது பக்கம் வரிசையாக நிற்கின்றன, அவற்றின் மேல் கறுப்பு பேக்லைட் கேப், எல் வடிவத்தில் வளைந்தது, உட்கார்ந்திருக்கிறது. அந்த கேப்பை மாட்டிய பிறகு பீங்கானில் வெளியே தெரிவது அடியில் ஒரு சின்ன வளையம்தான். சாம்பியன் என்று எழுதியிருக்கிறதா என்ஜிகே என்று எழுதியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாலும் தெரியாது. அந்தக் காலத்துத் தோற்றம் வேண்டும் என்றால் அந்தப் பணத்தை சரியான கேப்புக்கும் கறுப்பு வயருக்கும் செலவழியுங்கள். சிவப்பு சிலிக்கான் வயரும் ரப்பர் பூட்டும் போட்டுவிட்டு உள்ளே 'மேட் இன் இங்கிலாந்து' ப்ளக்கை மறைத்து வைத்து என்ன பயன்?

என்னைப் பொறுத்தவரை ப்ளக் அந்தக் காலத்துக்குச் சரியாக இருக்கிறதா என்பதை முடிவு செய்வது நாலு விஷயம்: மரையின் நீளம், மூக்கு (என்ஜினுக்குள் நிற்கிற பீங்கான் முனை) வெளியே நீண்டிருக்கிறதா இல்லையா, ஹீட் ரேஞ்ச் (ப்ளக் எவ்வளவு சூடாகவோ குளிர்ச்சியாகவோ ஓடும் என்கிற அளவு), உள்ளே ரெசிஸ்டர் என்கிற மின்தடை இருக்கிறதா இல்லையா. இந்த நாலும் ப்ளக் மேல் இருக்கிற எண்ணிலேயே எழுதப்பட்டிருக்கிறது, படிக்கத் தெரிந்தால் போதும்.

சாம்பியன் என்9ஒய்சி-யை எடுத்துக்கொள்வோம். முதல் 'என்' என்றால் 14 மில்லிமீட்டர் மரை, முக்கால் அங்குல நீளம், 13/16 அங்குல ஸ்பானர். '9' ஹீட் ரேஞ்ச். 'ஒய்' என்றால் பீங்கான் மூக்கு வெளி உலோக ஓட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். 'சி' என்றால் நடு எலக்ட்ரோடுக்குள் செம்பு. முன்னால் 'ஆர்' சேர்ந்து ஆர்என்9ஒய்சி என்று இருந்தால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. இப்போது என்ஜிகே பிபி6இஎஸ்: 'பி' 14 மில்லிமீட்டர் மரை, அடுத்த 'பி' நீண்ட மூக்கு, '6' ஹீட் ரேஞ்ச், 'இ' 19 மில்லிமீட்டர் நீளம், 'எஸ்' செம்பு வைத்த சாதா எலக்ட்ரோடு. நடுவில் 'ஆர்' வந்து பிபிஆர்6இஎஸ் ஆனால் ரெசிஸ்டர். போஷில் இதே ப்ளக் டபிள்யு7டிசி. ஆக 9, 6, 7 என்று மூன்று எண் போட்டாலும் மூன்றும் ஏறக்குறைய ஒரே வெப்ப அளவுதான்.

இந்த எண் விவகாரத்தில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். சாம்பியனில் எண் ஏற ஏற ப்ளக் சூடானது. என்ஜிகே-யில் எண் ஏற ஏற குளிர்ச்சியானது. அதாவது சாம்பியனில் குளிர்ச்சியான ப்ளக் வேண்டுமென்றால் என்7ஒய்சி-க்கு இறங்க வேண்டும், என்ஜிகே-யில் அதே வேலைக்கு பிபி7இஎஸ்-க்கு ஏற வேண்டும். போஷ் இன்னும் மோசம்: 175, 200, 225 என்று மூன்று இலக்கம் போட்ட காலத்தில் எண் ஏறினால் குளிர்ச்சி, பிறகு ஒற்றை இலக்கத்துக்கு மாறியபோது எண் ஏறினால் சூடு. பழைய போர்ஷே வைத்திருப்பவர்கள் பழைய கையேட்டையும் புதிய பெட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இதை மனதில் வையுங்கள். கடைக்காரர் "ஒரு நம்பர் கூடக் குறைய இருந்தா பரவாயில்ல சார்" என்று சொன்னால் எந்தத் திசையில் என்று கேளுங்கள்.

சூடு, குளிர்ச்சி என்றால் பொறியின் சூடு இல்லை. எரி அறையில் ப்ளக்கின் மூக்கு வாங்குகிற வெப்பத்தை எவ்வளவு வேகமாக ஓடு வழியாக ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதுதான். மூக்கு 450, 500 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் தன் மேல் படிகிற கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850 டிகிரியைத் தாண்டிப் போனால் பொறி வருவதற்கு முன்னாலேயே மூக்கின் சூட்டில் பெட்ரோல் கலவை பற்றிக்கொள்ளும், பிஸ்டனில் ஓட்டை விழுவதற்கு அது போதும். இந்த இரண்டுக்கும் நடுவில் வண்டியின் எல்லா ஓட்டத்தையும் அடக்க வேண்டும். ஓவர்டிரைவ் (என்ஜின் சுற்றைக் குறைக்கிற கூடுதல் கியர்) இல்லாத எம்ஜிபி டாப் கியரில் 1000 ஆர்பிஎம்முக்கு 18 மைல் வேகம்கூட முழுதாகப் போவதில்லை, அப்படியென்றால் மோட்டார்வேயில் 70 மைலில் என்ஜின் ஏறக்குறைய 3900-ல் கத்திக்கொண்டே போகிறது. ஓவர்டிரைவ் இருந்தால் அது 3100 சொச்சத்துக்கு இறங்கிவிடும். "நான் மோட்டார்வேயில்தான் போவேன், குளிர்ச்சியான ப்ளக் போடட்டுமா" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். ஒரிஜினல் கம்ப்ரஷனும் ஒரிஜினல் கேம்ஷாஃப்டும் இருந்தால் 9 அல்லது 6-ஐ விட்டு நகரவே வேண்டாம். என்ஜினைக் குடைந்து ரேஸுக்குத் தயார் பண்ணியவர்கள் மட்டும் ஒரு படி குளிர்ச்சிக்குப் போகட்டும்.

சரி, பழைய ஸ்டாக் என்9ஒய்-க்கு வருவோம். 'சி' இல்லாத என்9ஒய்தான் எம்ஜிபி கையேட்டில் இருக்கும் ப்ளக், இங்கிலாந்தில் சாம்பியன் தொழிற்சாலை லண்டனுக்கு மேற்கே ஃபெல்தமில் இருந்தது. கையில் எடுத்தால் அழகாகத்தான் இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. (பக்கத்தில் ஒரு சின்னக் கதை: சாம்பியன் என்பது பட்டம் இல்லை, ஆல்பர்ட் சாம்பியன் என்கிற பிரெஞ்சு சைக்கிள் பந்தய வீரரின் பெயர். அவர் கூட்டாளிகளோடு பிரிந்துபோய் மிஷிகனில் ஃபிளின்ட் நகரத்தில் வேறு கம்பெனி ஆரம்பித்தார், தன் முதலெழுத்துகளை வைத்து அதற்கு ஏசி என்று பெயர் வந்தது. அவர் பெயர் மட்டும் பழைய கூட்டாளிகளிடமே தங்கிவிட்டது. ஒரே ஆளின் பெயரில் இரண்டு ப்ளக் கம்பெனி போட்டி போட்டது எனக்கு எப்போது நினைத்தாலும் ஆச்சரியம்.)

ஆனால் என்ஜினுக்குள் போட்டால் வித்தியாசம் தெரிகிறது. நடு எலக்ட்ரோடில் செம்பு இல்லாததால் அதன் வேலை செய்யும் வெப்ப எல்லை குறுகலானது. செம்பு வைத்ததில் மூக்கை நீளமாக்கி சீக்கிரம் சூடாக விடலாம், வேகத்தில் போகும்போது செம்பு வெப்பத்தை இழுத்துக்கொண்டு போய்விடும், இரண்டு பக்கமும் லாபம். குளிர் காலையில் சோக் இழுத்து ஸ்டார்ட் பண்ணி, கடைத்தெரு வரைக்கும் போய்த் திரும்பினால் பழைய என்9ஒய் கறுத்துப் போய்விடுகிறது, அடுத்த ஸ்டார்ட்டில் மிஸ் அடிக்கிறது. அதே வண்டி, அதே கார்புரேட்டர் செட்டிங், என்9ஒய்சி போட்டால் கரி பிடிப்பது வெகுவாகக் குறைகிறது. இதற்கு மேல் பழைய ஸ்டாக்கில் இன்னொரு பயமும் உண்டு. பல வருஷம் எந்தக் கொட்டகையில், எந்த ஈரத்தில் கிடந்ததோ தெரியாது. பீங்கானில் மயிரிழை விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, லோடு ஏறும்போதுதான் மிஸ்ஸிங் வரும், அப்புறம் நீங்கள் கார்புரேட்டரையும் பாயிண்டையும் குடைந்துகொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். பழைய ப்ளக்கை யாராவது மணல் அடித்து சுத்தம் பண்ணி 'புதுசு' என்று பெட்டியில் போட்டு விற்பதும் நடக்கிறது. மூக்கின் அடியில், ஓட்டுக்கும் பீங்கானுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள், ஒரு மணல் துகள் இருந்தாலும் அதை என்ஜினுக்குள் விடாதீர்கள்.

இன்னும் பழைய வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எம்ஜிபி-க்கு முந்தைய மாடலான எம்ஜிஏ-வுக்குக் கையேட்டில் என்5 என்று இருக்கும், 'ஒய்' இல்லை, அதாவது மூக்கு உள்ளடங்கியது. கேஎல்ஜி, லாட்ஜ் என்கிற ப்ளக் பிராண்டுகளெல்லாம் அந்தத் தலைமுறையின் பெயர்கள். கேஎல்ஜி என்பது கெனெல்ம் லீ கின்னஸ், 1922-ல் புரூக்லேண்ட்ஸில் 350 குதிரைசக்தி சன்பீம் ஓட்டி மணிக்கு 133 மைலைத் தாண்டி உலக சாதனை வைத்த அதே மனிதர், தன் ரேஸ் என்ஜின்களில் ப்ளக் தாங்கவில்லை என்று தானே மைக்கா வைத்துச் செய்ய ஆரம்பித்தார். அந்தப் பெட்டிகள் அலமாரியில் வைத்துப் பார்க்கத் தகுந்தவை. நான் கிடைத்தால் வாங்குவேன். ஓட்ட மாட்டேன்.

என்ஜிகே பற்றி: என்9ஒய்சி-யை முதலில் சொன்னாலும் பிபி6இஎஸ்-ஸைக் குறைத்து மதிப்பிடவில்லை. நான் வாங்கிய செட்டில் நாலு ப்ளக்கும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே சீராக இருந்தன, சைடு எலக்ட்ரோடு நடுவில் நேராக நின்றது, இடைவெளி நாலிலும் ஒன்று. குளிரில் ஸ்டார்ட் ஆவது, ஐடிலில் நிற்பது, மேட்டில் இழுப்பது எதிலும் எனக்கு சாம்பியனோடு வித்தியாசம் தெரியவில்லை. ஜப்பான் ப்ளக்கை இங்கிலாந்து வண்டியில் போடலாமா என்று மனம் உறுத்துகிறவர்கள் சாம்பியன் வாங்கட்டும், உறுத்தாதவர்கள் எது கையில் கிடைக்கிறதோ அதை. விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். இரிடியம், பிளாட்டினம், மூன்று கால் வைத்தது இதெல்லாம் இந்த என்ஜினுக்குத் தேவையே இல்லை. கையேட்டின் கணக்குப்படி 6000 மைலுக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்து, 12000-ல் மாற்றிவிடுகிற வண்டிக்கு நீண்ட ஆயுள் ப்ளக் எதற்கு? அதன் மெல்லிய முனை உடைந்துவிடும் என்கிற பயத்தில் இடைவெளி செட் பண்ணுவதும் கஷ்டம்.

பிபி6இஎஸ் என்றதும் போலியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு இணைய விற்பனையாளரிடம் வாங்கிய ஒரு செட்டை நான் என்ஜின் பக்கமே கொண்டுபோகாமல் திருப்பி அனுப்பினேன். பெட்டி, லோகோ, எழுத்து எல்லாம் தூரத்திலிருந்து பார்த்தால் அசல். கையில் எடுத்ததும் முதலில் உறுத்தியது வாஷர்: லேசாகத் தட்டியதும் கழன்று கையில் விழுந்தது. அசலில் வாஷர் மரையில் சிக்கிக்கொண்டு சுற்றும், ஆனால் இழுத்தால் வராது. அப்புறம் மரையை நகத்தால் வருடினால் சொரசொரப்பு, அசலில் உருட்டி எடுத்த மரை வழுவழுவென்று பளபளக்கும். சைடு எலக்ட்ரோடு நடு எலக்ட்ரோடுக்கு நேராக இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பணம் திரும்பி வந்தது, ஆனால் அதே பக்கம் அடுத்த வாரமும் அதையே விற்றுக்கொண்டிருந்ததைப் பார்க்க வயிறு எரிந்தது. ஒரு பவுண்டு மிச்சம் பிடிக்கப் போய் பிஸ்டனைப் பணயம் வைக்காதீர்கள், முகம் தெரிந்த உதிரிபாகக் கடையில் வாங்குங்கள்.

ரெசிஸ்டர் விஷயம். 'ஆர்' உள்ளதா இல்லாததா என்று கேட்டால் வயரையும் கேப்பையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். ப்ளக் ரெசிஸ்டர் பொதுவாக 5000 ஓம் அளவு. கார்பன் நூல் வயர், ரெசிஸ்டர் வைத்த கேப், அதோடு ரெசிஸ்டர் ப்ளக், மூன்றும் ஒரே வரிசையில் சேர்ந்தால் பாயிண்டையும் பழைய லூகாஸ் காயிலையும் நம்பி ஓடுகிற வண்டியில் பொறி வீணாக மெலிகிறது. என் வண்டியில் கேப்பிலேயே ரெசிஸ்டர் இருக்கிறது, அதனால் ப்ளக் 'ஆர்' இல்லாதது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் எலக்ட்ரானிக் மாட்யூல் மறைத்து வைத்திருப்பவர்கள் நிலைமை தலைகீழ், செம்புக் கம்பி வயரும் ரெசிஸ்டர் இல்லாத ப்ளக்கும் சேர்ந்தால் அந்த மாட்யூல் தடுமாறும், அவர்களுக்கு பிபிஆர்6இஎஸ் அல்லது ஆர்என்9ஒய்சி நல்லது. மல்டிமீட்டரை எடுத்து கேப்பின் உள்முனையிலிருந்து வயரின் மறுமுனை வரை அளந்துவிட்டால் சந்தேகமே இருக்காது. அப்படியே ப்ளக் தலையில் இருக்கிற சின்ன நட்டையும் பிளையரால் ஒரு தடவை இறுக்கிவிடுங்கள். பேக்லைட் கேப் அதன் மேல்தான் உட்காருகிறது, தளர்ந்திருந்தால் கேப்புக்குள்ளேயே பொறி பறக்கும்.

காயில் போலாரிட்டியையும், அதாவது ப்ளக்குக்கு உயர் வோல்டேஜ் தருகிற காயிலின் பாசிட்டிவ், நெகட்டிவ் திசையையும், இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் தடயம் ப்ளக்கில்தான் தெரியும். 1967 கடைசி வரைக்கும் வந்த எம்ஜிபி-க்கள் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் பாடியோடு இணைந்தது. பலர் பின்னாளில் ரேடியோவுக்காக நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருக்கிறார்கள், மாற்றும்போது காயிலின் எஸ்டபிள்யு, சிபி என்று குறித்த இரண்டு வயரையும் இடம் மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். வண்டி ஓடும், ஆனால் பொறி தப்பான திசையில் தாவும். சூடான நடு எலக்ட்ரோடிலிருந்து எலக்ட்ரான் கிளம்புவது சுலபம், குளிர்ந்த சைடு எலக்ட்ரோடிலிருந்து கிளம்ப வேண்டுமென்றால் கூடுதல் வோல்டேஜ் கேட்கும். பழைய செட்டைக் கழற்றும்போது சைடு எலக்ட்ரோடின் உள்பக்கத்தில், நடு முனைக்கு நேர் எதிரே, கிண்ணம் மாதிரி குழி விழுந்திருந்தால் அதுதான் அடையாளம். எந்த பிராண்ட் ப்ளக் போட்டும் அந்த வண்டி குளிரில் சண்டித்தனம்தான் பண்ணும், வயரை மாற்றிப் போட்டால் தீர்ந்தது.

ப்ளக்கின் நிறம் பார்த்து கார்புரேட்டர் செட் பண்ணுகிறவர்கள் கவனிக்க. பழைய புத்தகங்களில் இருக்கிற அந்த பிஸ்கட் நிறம் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. இங்கிலாந்தில் 2000-ம் ஆண்டு தொடக்கத்தோடு அந்தப் பெட்ரோல் பொது விற்பனையிலிருந்து போய்விட்டது. இன்றைய பெட்ரோலில் நல்ல செட்டிங்கிலும் மூக்கு வெளிறித்தான் இருக்கும். "ஐயோ, மெலிந்த கலவை, பெட்ரோல் போதவில்லை" என்று பயந்து ஜெட்டை இறக்கினால் பெட்ரோல்தான் வீண், கரிதான் மிச்சம். ஆனால் 2021 செப்டம்பரிலிருந்து சாதா பெட்ரோல் இ10 ஆகிவிட்டது, 10 சதவீதம் வரை எத்தனால், அது கலவையை நிஜமாகவே கொஞ்சம் மெலிய வைக்கும். நான் எத்தனால் குறைந்த சூப்பர் இ5 போடுகிறேன். நிறம் பார்க்க வேண்டுமென்றால் முனையைப் பார்க்காமல் பீங்கான் ஓட்டுக்குள் இறங்குகிற அடிப்பகுதியில் இருக்கிற கரி வளையத்தைப் பாருங்கள். இந்த ஹெட்டில் இன்லெட் போர்ட் இரண்டிரண்டு சிலிண்டருக்கு ஒன்றுதான், எக்ஸாஸ்டில் நடு போர்ட் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் பொது, அதனால் ஓரத்து இரண்டும் நடு இரண்டும் அச்சு அசலாக ஒரே நிறத்தில் இருக்காது. அது ப்ளக்கின் குறை இல்லை.

மாட்டும்போது: என்ஜின் ஆறியிருக்கட்டும், பழைய ப்ளக்கைக் கழற்றுவதற்கு முன்னால் சுற்றிலும் இருக்கிற தூசியை ஊதிவிடுங்கள். 0.025 அங்குல ஃபீலர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். வளைக்கிற வேலையெல்லாம் சைடு எலக்ட்ரோடில்தான், நடுவைத் தொட்டு நெம்பினால் பீங்கான் மூக்கு உடையும். பெட்டியில் வருகிற இடைவெளியை நம்பாதீர்கள், பெரும்பாலும் இதைவிட அகலமாகத்தான் வரும். ப்ளக் தலையில் ஒரு ரப்பர் குழாய்த் துண்டைச் செருகி அதைப் பிடித்துச் சுற்றினால், மரை கோணலாக ஏறினால் குழாய் வழுக்கும், மரை தப்பிக்கும். கையால் போகிற வரை போகட்டும், வாஷர் உட்கார்ந்த பிறகு ஸ்பானரில் அரைச்சுற்று, அவ்வளவுதான். வாஷர் ஏற்கெனவே நசுங்கிய பழைய ப்ளக் என்றால் அதில் சிறு பங்கு போதும். இரும்பு ஹெட்தானே தாங்கும் என்று தம் பிடித்து இறுக்காதீர்கள். ஹெட் தாங்கும், ஆனால் ப்ளக்கின் ஓடு இழுபட்டு உள்ளே பீங்கானைப் பிடித்திருக்கிற சீல் தளர்ந்துவிட்டால் வெப்பம் கடத்துகிற பாதையே கெட்டுப்போகும், அதற்குப் பிறகு மேலே 9 என்று எழுதியிருந்தாலும் அது 9 ஆக வேலை செய்யாது.